வீடில்லாதவள் என்று எழுதிய மகனுக்கு

முரளி,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கோபத்தை மூடி வைத்துக்கொண்டு இனிக்க இனிக்க எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது, அது உனக்கும் தெரியும். உனக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்கும் தெரியும். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது வரியில் ‘மா, வாய்ஸ் நோட் போடேன், ப்ளீஸ்’ என்பாய். போட மாட்டேன். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். சுதா மதுரைக்காரி, தமிழ் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அவள் உனக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பதிலைக் கேளுங்கள். சுதா, திட்டு வருகிற இடத்தில் குரலைக் குறைக்காதே தாயே. ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு மனிதர், கையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை. வீட்டுக் கடனுக்காக விலாசம் சரிபார்க்க வங்கி அனுப்பியதாம். தெலுங்கில்தான் பேசினார். ‘அம்மா, வீட்டு ஓனர் மேல் போர்ஷன்லயா இருக்கார்?’ என்று கேட்டார். ‘நான்தாங்க ஓனர்’ என்றேன். அவர் தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். ‘இல்லம்மா, நீங்க இங்க கிராயாவுக்கு, வாடகைக்கு இருக்கறதா சார் எழுதியிருக்கார். சொந்த வீடு எங்கேயும் இல்லைன்னு போட்டிருக்கு. சங்கர்பள்ளி தாண்டி கிராமத்துல கட்டற வீடு உங்க பேர்லதானேம்மா? அங்கதானே குடிபோகப் போறீங்க?’ என்றார். என் கையிலிருந்து புளித்தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குடிபோகப் போகிற செய்தியை, முரளி, முன்பின் தெரியாத ஒரு மனிதர் வாசற்படியில் நின்றுகொண்டு எனக்குச் சொன்னார்.

அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். பாவம், வெயிலில் வந்தவர், அவர் என்ன செய்வார். ஹவுசிங் போர்டு கொடுத்த பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். என் பெயரைப் படித்தார். ‘அப்ப இது ரிஜெக்ட் ஆயிடும்மா’ என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ‘ஆகட்டும்’ என்றேன். அவர் போன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். போன மாதம் நீ போன் பண்ணி, ‘மா, பான் கார்டு போட்டோ அனுப்பு, ஒரு ஓடிபி வரும், சொல்லு’ என்றாயே, அது எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லித் தொலைத்தேன். வங்கி வேலையில் இருந்தவரைக்கும், ரிட்டையரான பிறகும்கூட, ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். பெற்ற பிள்ளையிடமும் சொல்லாதீர்கள் என்று எந்த வங்கியும் போர்டு மாட்டவில்லையே, நான் என்ன செய்ய.

அன்று சாயங்காலமே நீ கத்தினாய். ‘ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? அவன் கேட்டதுக்கு ஹவ், ஆமான்னு தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். எல்லாத்தையும் ஸ்பாயில் பண்ணிட்டே’ என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த திட்டத்தை எடுத்துவிட்டாய். நான் இருக்கிற இந்தக் குகட்பள்ளி வீட்டைத் தானப் பத்திரமாகச் சுதா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்போது நான் நிஜமாகவே வீடில்லாதவள் ஆகிவிடுவேன், மறுபடியும் விண்ணப்பம் போடலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வருகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு என்றாய். பொய் சொன்னது மாட்டிக்கொண்டதென்றால் வெட்கப்படுவார்கள் என்று பார்த்தால், நீ பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்கிறாய்! உன்னை இஞ்சினியரிங் படிக்கவைத்தது இதற்குத்தானா?

இந்தக் கடன் திட்டங்களைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினாய் பார், அதுதான் வயிற்றெரிச்சல். மேடக் பக்கத்துக் கிளைகளில் கிராமப்புற வீட்டுக் கடன் பிரிவில் குப்பை கொட்டியவளடா நான். பெண் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு, பெயரில் வேறு வீடு இருக்கக் கூடாது, வாங்குகிறவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். இதெல்லாம் எதற்காக வைத்தார்கள்? ஓலையும் தகரமும் மாறி ஒரு கூரை வரட்டும், கிராமத்துப் பெண் ஒருத்தி தன் பெயரில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். உனக்குக் கச்சிபௌலியில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. உன் சம்பளத்துக்குக் கிடைக்கிற கடனையெல்லாம் அது விழுங்கியாயிற்று. அதனால் அம்மாவின் பெயர். அம்மாவின் வயது, அம்மாவின் பென்ஷன், அம்மா விதவை என்பதுகூட உனக்கு ஒரு தகுதியாகிவிட்டது. உன் அப்பா போனது அந்த விண்ணப்பத்தில் உனக்குச் சாதகமான ஒரு கட்டமாக ஆகியிருக்கிறது. சுதா, இந்த வரியை இன்னொரு முறை படி.

வாடகைக்கு இருக்கிறவள் என்று என்னை எழுதினாயே, அந்த வார்த்தைக்கு இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது. அப்போது உனக்கு ஒரு வயது. உன் அப்பா ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன், தார்நாகாவில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் இருந்தோம். உனக்குக் காது குத்திய அன்று சிகந்திராபாத்திலிருந்து என் மனிதர்களும், வேலூரிலிருந்து அப்பாவின் மனிதர்களும் வந்திருந்தார்கள். இலை போட்டு, சாப்பாடு முடிகிற நேரம், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா மேலே வால்வை மூடிவிட்டாள். போய்க் கேட்டால், ‘இத்னா லோகான் கைக்கு? பானி நக்கோ’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை ஜனம் எதற்கு, தண்ணீர் கிடையாது என்று அவள் சொன்னதை உன் பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தவர்களெல்லாம் சாம்பார் காய்ந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக முற்றத்தில் நின்றார்கள். யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசத் தெரியாத உன் அப்பா, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே இருந்த குவார்ட்டர்ஸிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார். நீ காது வலியில் அழுதுகொண்டிருந்தாய். மாடியிலிருந்து அவள், ‘உஸ் கிராயாதார் கே பச்சே கோ சுப் கராவ்’ என்றாள். அந்த வாடகைக்காரன் பிள்ளையை வாயை மூடச் சொல் என்று. உன்னைத்தான் சொன்னாள்.

அன்று முடிவெடுத்துத்தான் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு எழுதிப் போட்டோம். கிடைத்தபோது சிரிக்காதவர்கள் இல்லை. ‘குகட்பள்ளியா? அங்க பாறைதானே இருக்கு?’ என்றார்கள். இருந்தது. பாறையும் இருந்தது, பாம்பும் இருந்தது. பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆனால் வால்வு எங்கள் கையில் இருந்தது. இப்போது வாசலை விட்டு இறங்கினால் மெட்ரோ, காய்கறி, மருந்துக்கடை, என் பல் டாக்டர், சனிக்கிழமை கோயில், எல்லாம் இருக்கிறது. எதிர் வீட்டு ராஜேஸ்வரி நான் எட்டு மணிக்குக் கோலம் போடவில்லையென்றால் எட்டரைக்குக் கதவைத் தட்டுகிறாள். இந்த வீட்டைத்தான் நீ லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறவனுக்குப் பேசி முடித்திருக்கிறாய் என்று சுதாவே போனில் வாய்தவறிச் சொன்னாள். ஹாலில் தடுப்புச் சுவர் போட்டு வரிசையாகக் கட்டில் போடுவானாம், நல்ல வாடகை வருமாமே! நீங்கள் இரண்டு பேரும் வேலைக்காக ஜெர்மனிக்கு, வீடு ஹாஸ்டல்காரனுக்கு, நான் சங்கர்பள்ளி தாண்டி. நல்ல பங்கீடு. ‘உனக்குக் கிராமம்னா பிடிக்குமேம்மா, ஃபிரெஷ் ஏர்’ என்கிறாய். எனக்குக் கிராமம் பிடிக்கும் என்று நான் எப்போதடா சொன்னேன்? நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போய், காலில் சேற்றோடு திரும்பி வந்தேன். அதை நீ பிக்னிக் என்று நினைத்துக்கொண்டாயா?

சரி, திட்டுவதற்கு முன்னால் அந்தச் சங்கர்பள்ளி வீட்டைப் பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை நானே போனேன். ராஜேஸ்வரியின் மருமகன் காரில் கொண்டு விட்டான். வளைவு வாசல், புல்தரை, கண்ணாடி போட்ட ஆபீஸ். மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள், ஜூஸ் கொடுத்தார்கள். சுற்றிக் காட்டிய ஆபீஸ் பையனிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலையில் இருந்தபோது நான் வைத்திருந்த வழக்கம் அது. வீட்டுக்காரர் காட்டுகிற இடத்தைப் பார்த்தால் இன்ஸ்பெக்‌ஷன் ஆகாது. வீட்டின் பின்பக்கம் போக வேண்டும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், பிறகு பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொடுக்கிற விதத்திலேயே அந்தத் தெருவின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். நான் பின்பக்கம் போனேன். ‘மேடம், அந்தப் பக்கம் வேலை நடக்குது’ என்று பையன் ஓடி வந்தான். நடக்கட்டும் என்று போனேன். மதில் முடிகிற இடத்தில் ஒரு பெரிய குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் கட்டி முடித்த வீடுகளின் சாக்கடை எல்லாம் அதன் வழியாக நேராக ஊர்க் குட்டையில் விழுகிறது. தண்ணீர் கறுப்பு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. நீ எனக்கு வாங்கித் தருகிற ஃபிரெஷ் ஏர் அதுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீடு. ஒரே அறை, அடுப்பு வெளியே, குளிக்கிற இடத்துக்குப் பழைய பேனர் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு பெண் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் யாதம்மா. தண்ணீர் கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள், உள்ளே போய்ச் சொம்பில் பாதி கொண்டுவந்தாள். ‘தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க போர்ல தண்ணி நின்னு போச்சு. இவங்க பக்கத்துலயே ஆழமா போர் போட்டாங்க, எங்களுது வத்திடுச்சு. இப்ப டேங்கர் வந்தாத்தான்’ என்றாள். நான் அந்தப் பாதிச் சொம்பிலும் ஒரு வாய்தான் குடித்தேன். வீடு கட்டக் கடன் கேட்டாயா என்று என் பழைய புத்தி கேட்டது. கேட்டாளாம். அவள் இருக்கிற இடம் ஊர் நத்தம், இங்கே அதைக் கிராமகண்டம் என்பார்கள். தலைமுறையாக இருப்பார்கள், ஆனால் பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாமல் முடியாது என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் காலத்திலும் இதே விதிதான், நானும் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவர்கள் பங்கை எடுத்துக் குகட்பள்ளிக்காரிக்குக் கொடுத்ததில்லை.

பிறகு அவள் என்னைக் கேட்டாள். ‘நீங்க உள்ளே வீடு வாங்கறீங்களாம்மா? லோன் குடுத்துட்டாங்களா?’ என்றாள். நான் சொம்பைத் திருப்பி நீட்டினேன். ‘நான் இந்த ஊர்லயே பொறந்தேன், எனக்கு இல்லைன்னுட்டாங்க. நீங்க எந்த ஊரும்மா?’ குகட்பள்ளி என்றேன். ‘அங்க வீடு இல்லையா?’ ‘இருக்கு’ என்றேன். ‘சொந்த வீடா?’ ‘சொந்த வீடுதான்.’ அவள் கோபப்படவில்லை, கிண்டலும் பண்ணவில்லை. புரியாமல்தான் கேட்டாள். ‘அப்புறம் எதுக்கும்மா இங்க வரீங்க?’ இத்தனை வயதுக்கு அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை, முரளி. என் மகன் ஜெர்மனி போகிறான், என்னை வைக்க இடம் தேடுகிறான் என்றா சொல்வேன்? வெயில் தாங்கவில்லை என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். காரில் வரும்போது அழுதேன். ராஜேஸ்வரியின் மருமகன் நல்ல பையன், ஒன்றும் கேட்காமல் ஏசியைக் கூட்டி வைத்தான்.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதால்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நீ உட்கார்ந்தபடியே தூங்கினதை நான் மறக்கவில்லை. நீ போன பிறகு நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம் உனக்கு. அதைச் சொல்லியிருக்கலாமே! ‘மா, உன்னை விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாடா என்று பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருப்பேனே. பயத்தைச் சொல்ல வெட்கம், அம்மாவை வீடில்லாதவள் என்று எழுத வெட்கமில்லையா? அதுவும் எங்கே கொண்டு விடுகிறாய்? சுற்றிக் கட்டி முடிக்காத வீடுகள், வாசலில் ஒரு காவல்காரன், ஆட்டோ வராத ரோடு. அங்கே நான் விழுந்தால் புல்தரை வந்து தூக்குமா? கேட் போட்டிருக்கிறது, கேமரா இருக்கிறது என்கிறாய். கேமராவில் நான் விழுவதை நீ அங்கிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். ஜெர்மனியில் நீயும் வாடகைக்குத்தான் இருக்கப் போகிறாய். வீடு பார்க்கும்போது அவன் காட்டுகிற ஜன்னலைப் பார்த்து மயங்காதே. பின்பக்கம் போ, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசு. ஒழுங்காக வாடகை கட்டு, ஆனால் யாரும் உங்களை அதட்டவிடாதே.

இனி முடிவு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். சுதாவின் பெயருக்கும் இல்லை, யார் பெயருக்கும் இல்லை, நான் இருக்கிறவரை இல்லை. வெள்ளிக்கிழமை அந்த வங்கிக் கிளைக்கே போய், அந்த விண்ணப்பம் எனக்குத் தெரியாமல் போட்டது, எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, அங்கே குடிபோகிற எண்ணமும் இல்லை என்று என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கட்டின அட்வான்ஸ் போகும் என்று குதிப்பாய். குதி. சுதா, உன்மேல் எனக்குக் கோபம் பாதிதான். அத்தையிடம் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று நீ ஒரு தடவை சொன்னாயாம், அதையும் நீயேதான் உளறினாய். அடுத்த தடவை அவன் காதில் விழுகிற மாதிரிச் சொல்.

தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்காதே, அதையும் பேசி முடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், ஒருத்தி திருநெல்வேலி, ஒருத்தி கம்மம். மாறி மாறி ஷிஃப்ட் என்பதால் எந்நேரமும் ஒருத்தி வீட்டில் இருப்பாள். எனக்குப் பிரஷர் பார்ப்பார்கள், நான் ரசம் வைத்துக் கொடுப்பேன். வால்வு எங்கே இருக்கிறது என்று அவர்கள் வீடு பார்க்க வந்த அன்றே காட்டிவிட்டேன். உன் அறையைத்தான் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கொண்டுவராதே, அட்டைப் பெட்டி கொண்டுவா. உன் புத்தகம், கிரிக்கெட் பேட், அந்த உடைந்த கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய். பீரோவை மட்டும் விட்டுவிடு, அவர்களுக்கு வேண்டுமாம். மத்தியானம் இரண்டு பேரும் இங்கேதான் சாப்பிட வேண்டும், கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் நானே கச்சிபௌலிக்கு வந்து கத்துவேன். ஜெர்மனியிலிருந்து லீவில் வரும்போது ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள். பெற்ற பிள்ளை, உன்னிடம் வாடகை வாங்க மாட்டேன்.

உன் அம்மா